அறுபத்தைந்து தாள்களுக்கு ஒரு வேலி

அச்சுத் தாள் ஒன்றின் கீழ் விளிம்பில் பென்சிலால் எழுதப்படும் ஒரு பின்னத்தைப் பற்றியது இக்கட்டுரை. இடப்புறம் 23/65 என்பது போன்ற ஓர் எண். வலப்புறம் கலைஞரின் கையொப்பம். மொத்தம் அறுபத்தைந்து தாள்களே அச்சிடப்பட்டன, அவற்றுள் இது இருபத்துமூன்றாவது என்பது அவ்வெண்ணின் பொருள். கலைக்காட்சிக் கூடங்களில் விற்பனையாளர் முதலில் விரல் வைத்துக் காட்டுவது பெரும்பாலும் இந்தப் பின்னத்தைத்தான்; தாளில் உள்ள படைப்பை அதற்குப் பின்புதான். திரை அச்சைப் பொறுத்தவரை இந்த எண், கலையைக் காக்கும் அரண் அன்று. மக்களை விலக்கி நிறுத்தும் வேலி என்பது என் துணிபு. வேலி என்ற சொல் கடுமையாகப் படலாம். அதை மாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

பொதுவாகப் பேசினால் வாதம் காற்றில் கரைந்துவிடும். ஆகவே ஒரு படைப்பையே எடுத்துக்கொள்வோம். எடுவார்டோ பாவ்லோட்ஸி 1924இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவை அடுத்த லீத் துறைமுகத்தில் பிறந்து 2005இல் மறைந்த சிற்பி. பிரிட்டிஷ் நூலகத்தின் முற்றத்தில் குனிந்து அளந்துகொண்டிருக்கும் நியூட்டன் சிலை இவர் செய்தது. லண்டன் சென்று வந்த நம்மவர் பலர் பெயர் அறியாமலே அதனைப் பார்த்திருப்பர். இவர் 1965இல் ‘ஆஸ் இஸ் வென்’ என்ற தலைப்பில் பன்னிரண்டு திரை அச்சுகள் கொண்ட தொகுதி ஒன்றை வெளியிட்டார். தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைனின் வாழ்வும் சிந்தனையும் அதன் பொருள். லண்டனில் இருந்த கெல்ப்ரா அச்சகத்தில் கிறிஸ் பிரேட்டர் அச்சிட்டார், எடிஷன்ஸ் அலெக்டோ என்ற நிறுவனம் பதிப்பித்தது, படிகள் அறுபத்தைந்து. திரை அச்சுத் துறையின் முதற்பெரும் படைப்பு இதுவே என்று போற்றுவோர் உண்டு. அப்போற்றுதலில் எனக்கு மாறுபாடு இல்லை.

தாளைப் பார்த்தால் முகமோ மலையோ மரமோ முதலில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பட்டைகள், கட்டங்கள், அலைபோல் நெளியும் வரிகள், பற்சக்கரங்களை நினைவூட்டும் வட்டங்கள், நடுவே விட்கன்ஸ்டைன் தொடர்பான எழுத்து வரிகள் ஆகியவை நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கும். சில தாள்களில் விமானமோ மனித உருவோ தலைகாட்டும். அவையும் இயந்திர உறுப்புகளைப் பூட்டிச் சேர்த்தவை போலவே நிற்கும். சிற்பியின் மனம் வெளிப்படும் இடம் இதுதான். ஏறத்தாழ அதே ஆண்டுகளில் இவர் பொறியியல் பட்டறை ஒன்றின் துணையோடு அலுமினிய உறுப்புகளைப் பற்றவைத்துச் சிற்பங்கள் செய்துவந்தார். ஓவியன் கோட்டை இழுக்கிறான். இவரோ உறுப்புகளை எடுத்துப் பொருத்துகிறார். தாளிலும் அதையே செய்தார். அச்சிட்ட காகிதங்களையும் பொறியியல் வரைபடங்களையும் துணிக்கோலங்களையும் வெட்டி ஒட்டி மூலத்தை ஆக்கினார். பிரேட்டர் அதனை நிறம் நிறமாகப் பிரித்துத் திரைகளுக்கு ஏற்றினார். சில மறைப்புகள் கத்தியால் கையாலேயே வெட்டப்பட்டவை. சில ஒளிப்பட முறையில் ஆனவை. திரை அச்சில் மை, காகிதத்தின் உள்ளே ஊறி மறைவதில்லை. மேலே தடிப்பாகப் படிகிறது. ஒரு நிறத்தின் மீது மற்றொரு நிறம், தகட்டின் மேல் தகடு வைத்தாற்போல் அமர்கிறது. சிற்பி இம்முறையை விரும்பியதில் வியப்பில்லை.

இம்முறை நமக்குப் புதியதன்று. சட்டத்தில் நுண்ணிய வலைத்துணியை இழுத்துக் கட்டி, மை புகவேண்டாத இடங்களை அடைத்து, ரப்பர் பட்டையால் மையைத் தள்ளினால் கீழே உள்ள காகிதத்தில் உருவம் பதிகிறது. ஒரு நிறத்துக்கு ஒரு திரை. செய்தி அவ்வளவே. நம் ஊர்த் திருமணங்களில் தாம்பூலத்தோடு தரப்படும் மஞ்சள் பையில் மணமக்கள் பெயர் அச்சாகி வருகிறதே, அது இந்தத் திரை அச்சுதான். அழைப்பிதழின் பொன்னெழுத்து, கடைப் பலகை, சேலையின் அச்சு வேலைப்பாடு பலவும் இதன் பிள்ளைகள். விடுமுறைக்கு ஊர் சென்று திரும்பும் ஒவ்வொரு குடும்பமும் இரயிலில் ஒரு திரை அச்சையாவது கொண்டு வருகிறது, அதனுள் முறுக்கும் அதிரசமும் இட்டு. அந்தப் பையில் எவரும் 23/65 என்று எழுதுவதில்லை. அறுநூறு பை வேண்டுமானால் அறுநூறு. ஆயிரம் வேண்டுமானால் ஆயிரம்.

ஆகவே கேள்வி எழுகிறது. ஆயிரம் அச்சிட வல்ல கருவியில் அறுபத்தைந்தோடு நிறுத்துவானேன்?

கருவி தேய்ந்துவிடும் என்பார்கள். சில முறைகளுக்கு இது மெய்யே. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி அச்சிடும்போது கீறலின் ஓரத்து மென்பிசிறு சில பத்துப் படிகளிலேயே நசுங்கிவிடும். முதற் படியின் வெல்வெட்டுக் கருமை ஐம்பதாவது படியில் இராது. அங்கே எண்ணுக்குப் பொருள் உண்டு. நம் சுவாமிமலைச் சிற்பியை எண்ணிப் பாருங்கள். மெழுகில் உருவம் வடித்து, மண் பூசி, மெழுகை உருக்கி ஓட்டி, உலோகம் வார்த்து, மண்ணை உடைக்கிறார். மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று. எஞ்சியது ஒரே திருமேனி. அடுத்ததற்கு மீண்டும் மெழுகிலிருந்தே தொடங்கவேண்டும். அந்த ஒருமை தொழிலிலிருந்து பிறந்தது. எவரும் தீர்மானம் போட்டு வரவழைத்ததன்று. திரை அச்சிலோ அறுபத்தைந்தாவது தாள் முதல் தாளினும் மங்கலாக இருக்க வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. நூற்றுக்கணக்கில் தொடர்ந்தாலும் நல்ல அச்சரின் கையில் திரை தாங்கும். அறுபத்தைந்தோடு நின்றது துணியின் வலுக்குறைவால் அன்று, பேரேட்டின் விருப்பத்தால்.

தமிழில் ‘அருமை’ என்ற சொல் இங்கே நினைக்கத்தக்கது. கிடைத்தற்கு அரியது என்பது ஒரு பொருள். செய்தற்கு அரியது என்பது இன்னொன்று. உயர்ந்தது, இனியது என்பது மூன்றாவது. ஒரு சொல்லுக்குள் மூன்றும் குடியிருக்கின்றன. பழைய கைவினைகளில் மூன்றும் இணைந்தே வந்தன. செய்தற்கு அரியதாகையால் கிடைத்தற்கும் அரிதாயிற்று, அதனால் உயர்வும் பெற்றது. வரையறுத்த பதிப்பு என்னும் வணிகமோ இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறது. கிடைப்பதைச் செயற்கையாக அரிதாக்கிவிட்டு, அதனால் படைப்பே உயர்ந்தது என்று நம்மை நம்பச் சொல்கிறது. நாமும் ‘அருமையான படம்’ என்கிறோம். எந்த அருமையைச் சொல்கிறோம்?

இவ்வழக்கம் தொன்மையானதும் அன்று. ரெம்பிராண்டின் செப்புத் தகடுகள் அவர் மறைந்த பின்னும் கைமாறிக் கைமாறி அச்சாகிக்கொண்டே இருந்தன. ஜப்பானியர் ஹொகுசாய் 1830களின் தொடக்கத்தில் வெளியிட்ட பேரலை மரஅச்சு ஆயிரக்கணக்கில் எடுக்கப்பட்டது. சாமானியரும் வாங்கத்தக்க விலையில் விற்றது. அதில் பின்னம் ஏதும் இல்லை. பிரான்சில் தோமியேயின் கல்லச்சுகள் செய்தித்தாளோடு வீடு வீடாகப் போயின. பென்சில் கையொப்பமும் எண்ணும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில், ஒளிப்பட அச்சுமுறைகள் படங்களைப் பெருக்கத் தொடங்கியபோது, அச்சம் பிறந்து அதன் வழியாகப் பிறந்தவை. 1960இல் வியன்னாவில் கூடிய கலைஞர் மாநாடு ஒன்று ‘மூல அச்சு’ என்பதற்கு இலக்கணம் வகுத்தபோது கையொப்பத்தையும் எண்ணையும் அதனுள் சேர்த்தது. 1964இல் பிரெஞ்சு அச்சுக்கலைக் குழு இன்னும் ஒருபடி மேலே சென்று, கலைஞர் தம் கையாலேயே முழுதும் செய்ததாக இருக்கவேண்டும், ஒளிப்பட முறையோ இயந்திர முறையோ கலக்கக்கூடாது என்றது.

இந்த இரண்டாம் விதியை ஏற்றால், பிரேட்டரின் கத்தியும் ஒளிப்படத் திரையும் கலந்த ‘ஆஸ் இஸ் வென்’ தொகுதிக்கு மூல அச்சு என்ற பெயரே கிட்டாது. அதனால் திரை அச்சுக் கலைஞர்களும் அவர்களுடைய பதிப்பாளர்களும் அந்த விதியைப் புறந்தள்ளினார்கள். கருத்தே மூலம், கை அன்று என்று நிலைநாட்டினார்கள். நன்று. ஆனால் அதே மூச்சில் எண்ணை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டார்கள். கை தேவையில்லை என்னும் புதுமை அவர்களுக்கு இனித்தது. எண்ணிக்கை தேவையில்லை என்னும் புதுமை ஏனோ இனிக்கவில்லை. முன்னது சுதந்திரம் தந்தது, பின்னது விலையைக் குறைத்திருக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

திரை அச்சின் கதையில் வேறொரு கிளையும் உண்டு. அமெரிக்காவில் பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலத்தில் அரசின் கலைத் திட்டத்தின் கீழ் அந்தோனி வெலோனிஸ் முதலியோர் திரை அச்சைக் கலைஞர் கைக்குக் கொண்டுவந்தனர். செலவு குறைவு, பெருங்கருவி வேண்டாம், எளியோர் வீட்டுச் சுவருக்கும் நல்ல நிறப்படம் போகலாம் என்பது அப்போதைய கனவு. பிறகு, வணிக அச்சோடு கலந்து மதிப்பிழந்துவிடக்கூடாது என்று அதற்கு ‘செரிகிராஃப்’ என்று புதுப்பெயர் சூட்டினர். பெயர் உயர்ந்தது; கனவு ஒடுங்கியது.

பாவ்லோட்ஸியிடம் திரும்புவோம். என் மனத்தை உறுத்துவது இவர் வாழ்வே. இவருடைய பெற்றோர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்து வந்தவர்கள். லீத் நகரில் பனிக்கூழும் மிட்டாயும் விற்ற சிறு கடை அவர்களுடையது. வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. இதனை இம்மலரைப் படிக்கும் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1940 ஜூன் 10ஆம் நாள் இத்தாலி போர் தொடுத்தது. நேற்று வரை பனிக்கூழ் வாங்கிய ஊர் இன்று அவர்களைப் பகைவர் என்றது. இளைஞரான எடுவார்டோ சிறை வைக்கப்பட்டார். தந்தையும் பாட்டனாரும் சிற்றப்பன் முறையினர் ஒருவரும், நாடு கடத்தப்பட்டோரை ஏற்றிச் சென்ற ‘அராண்டோரா ஸ்டார்’ கப்பலில் இருந்தனர். ஜூலை 2ஆம் நாள் ஜெர்மானிய நீர்மூழ்கி அக்கப்பலைத் தாக்கியது. மூவரும் கடலில் மாண்டனர்.

அந்தக் கடையில் வளர்ந்த சிறுவனுக்கு ஓவியக்கூடம் எது? சிகரெட்டுப் பெட்டிக்குள் வைத்துத் தந்த சிறு படங்கள், சித்திரக் கதைத் தாள்கள், சினிமா விளம்பரங்கள், அமெரிக்க வாரப் பத்திரிகைகளின் வண்ணப் பக்கங்கள். இலட்சக்கணக்கில் அச்சாகி, படித்தபின் மிட்டாய் மடிக்கப் போகும் காகிதம். அவற்றையே வாழ்நாள் முழுதும் சேர்த்தார், வெட்டினார், ஒட்டினார். 1947இல் அவர் பத்திரிகைப் பக்கங்களை ஒட்டி ஆக்கிய படம் ஒன்றைப் பிற்காலத்துப் பாப் கலையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கூறுவர். 1954இல் நைஜல் ஹென்டர்சன் என்ற நண்பரோடு சேர்ந்து ‘ஹேமர் பிரிண்ட்ஸ்’ என்ற சிறு நிறுவனம் தொடங்கி, அதே திரை அச்சு முறையில் துணியும் சுவர்க்காகிதமும் செய்து விற்றார். கஜக்கணக்கில் வெட்டித் தரும் பண்டம். அதில் அவர் நாணவில்லை, கோலமும் தாழவில்லை.

பத்தே ஆண்டுகளில் அதே கலைஞர், அதே திரை, அதே ரப்பர் பட்டை. ஆனால் அறுபத்தைந்து தாள்! மலிவு அச்சில் கண் திறந்த கடைக்காரர் மகனின் படைப்பு, அப்படிப்பட்ட கடைக்காரர் மகன் எவனும் எட்டாத உயரத்தில் போய் அமர்ந்துவிட்டது. அதன் பாடுபொருளோ, தந்தை விட்டுச்சென்ற பெருஞ்செல்வத்தில் தம் பங்கை உடன்பிறந்தாருக்கே கொடுத்துவிட்டு எளிய அறைகளில் வாழ்ந்த விட்கன்ஸ்டைன். ஏறியபின் ஏணியை எறிந்துவிடுவது பற்றிய தலைப்பு அப்பன்னிரண்டு தாள்களுள் ஒன்றுக்கு உண்டு. பதிப்பாளர் அதனை வேறு பொருளில் எடுத்துக்கொண்டார் போலும்.

எதிர்வாதங்களை நான் அறியாமல் இல்லை. கலைஞர் எதைக் கொண்டு வாழ்வார் என்பது முதலாவது, வலுவானதும் அதுவே. பன்னிரண்டு தாள்களுக்குத் திரை ஆக்கும் செலவு பெரிது, வாங்குவோர் சிலர், எனவே சிலரிடமே முழுச் செலவும் பெறவேண்டியுள்ளது என்பர். வாங்குவோர் சிலர் என்பது விலையின் காரணமா, விளைவா? நூலாசிரியருக்கும் வயிறு உண்டு. அவர் நூலை அறுபத்தைந்து படியோடு நிறுத்தி, ஒவ்வொன்றிலும் எண் எழுதித்தான் பிழைக்கவேண்டும் என்று எவரும் சொல்வதில்லை. பாவ்லோட்ஸியே 1967இல் ‘மூன்ஸ்டிரிப்ஸ் எம்பயர் நியூஸ்’ என்ற நூறு தாள் பெட்டியை வெளியிட்டபோது படிகளை 500ஆக உயர்த்தினார். உலகம் இடிந்து விழவில்லை. 500 கூடுமானால் 5,000 ஏன் கூடாது என்ற கேள்விக்கு எனக்கு இதுவரை நேர் விடை வந்ததில்லை.

இவ்வளவே என்று சொல்லி விற்றபின் மேலும் அச்சிட்டால் வாங்கியவருக்கு வஞ்சனை ஆகாதா என்பது இரண்டாவது. ஆகும். கொடுத்த வாக்கைக் காக்கத்தான் வேண்டும். அறுபத்தைந்து என்று அச்சிட்டது அறுபத்தைந்தாகவே இருக்கட்டும். அப்படியொரு வாக்கை இனிக் கொடுக்கவேண்டா என்பதே என் வேண்டுகோள்.

மூன்றாவது வாதம் நம்மிடையே இருந்தே வருவது. அதுவே என்னை அதிகம் சினமூட்டுகிறது. அரூபக் கலை நம் குடும்பங்களுக்கு விளங்காது, பரவலாகக் கொடுத்தாலும் எவர் வாங்கப்போகிறார் என்று இரங்குவதுபோல் பேசுவோர் நம் சங்கங்களிலேயே உண்டு. இவர்களுக்கு மறுப்பாக, நம் வீட்டுப் பெண்கள் நாள்தோறும் வாசலில் இடும் கோலம் அரூபம் அன்றோ என்று சிலர் உணர்ச்சியோடு கேட்பது வழக்கம். நான் அந்த வாதத்தைக் கையாள மாட்டேன். கோலத்துக்குப் புள்ளிக் கணக்கும் மங்கல நோக்கும் மரபும் உண்டு. அதனை ஐரோப்பியச் சிற்பியின் தாளோடு ஒன்றாக்குவது இரண்டுக்கும் நீதி செய்வதாகாது. நான் சொல்வது எளிது. பார்க்கக் கிடைக்காத ஒன்று எவருக்கும் விளங்காது. கருநாடக இசை விளங்கியது கேட்டுக் கேட்டுத்தான். வானொலியும் இசைத்தட்டும் அதனைத் திண்ணை வரை கொண்டுவந்து சேர்த்ததால்தான். எவரும் ஓர் ஆலாபனையை அறுபத்தைந்து இசைத்தட்டோடு நிறுத்தி, விளங்கவில்லையே என்று கேட்போரைப் பழித்ததில்லை. தாளை இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு, கண் இல்லை என்று நம்மைச் சொல்வது என்ன நியாயம்?

பெருக்கினால் தரம் கெடும் என்பாரும் உளர், ரவிவர்மாவைச் சுட்டுவர். அவர் 1894இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்திலிருந்து வந்த இலக்குமியும் சரசுவதியும் இந்தியா முழுதும் பூசையறை புகுந்தனர். கோவில்பட்டியில் கொண்டைய ராஜு வரைந்த தெய்வ உருவங்கள் நாட்காட்டிகளாகத் தமிழகமெங்கும் சுவரேறின. அவற்றைத் தொடர்ந்து மிட்டாய் நிறத்தில் மட்டமான போலிகளும் வந்தன என்பதை மறுக்கவில்லை. ஆயினும் கெடுத்தது எண்ணிக்கை அன்று. சரியாக அச்சிடாத சோம்பலும் திருட்டுப் படியும். பிரேட்டர் போன்ற ஓர் அச்சர் மேற்பார்க்க 5,000 தாள் எடுத்தால் 5,000மும் நன்றாகவே இருக்கும். போலி முளைப்பதும் மூலம் எட்டாத விலையில் நிற்கும்போதுதான்.

பாவ்லோட்ஸியின் பக்கம் நின்று ஒன்று சொல்லவேண்டும். 1980களில் லண்டன் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு சுரங்க இரயில் நிலையத்தின் சுவர்களில் அவர் வண்ணக் கற்களால் பெரும்பரப்பு அமைத்தார். பற்சக்கரம், கட்டம், அலைவரி என ‘ஆஸ் இஸ் வென்’ தாள்களின் உறவினங்களே அங்கே சுவரேறி நிற்கின்றன. வேலைக்கு ஓடுவோர், அவர்களுள் நம்மவரும் பலர், பயணச்சீட்டு விலைக்கு அதனை நாள்தோறும் பார்த்துச் செல்கின்றனர். 2015இல் நிலையத்தை விரிவாக்கியபோது நகரும் படிக்கட்டின் மேலிருந்த வளைவுகளை அகற்றினர். அதனை எதிர்த்து மக்கள் குரல் எழுப்பினர். துண்டுகள் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்குச் சென்று சேர்ந்தன. அச்சுத் தாள் ஒன்று ஏலத்தில் கைமாறும்போது இப்படி எவரும் தெருவில் இறங்கிக் கேட்டதாக நான் அறியேன். அது அவர்களுடையது என்று அவர்களுக்கு எப்போதும் தோன்றியதில்லை.

இனி நம்மிடம் வருகிறேன். 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தைக் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் அமைத்தபோது, பாட்டிக் துணி முதலிய கைவினைகளை விற்று வந்த பொருளே நிலம் வாங்கக் கைகொடுத்தது. சிற்பிகளும் அக்குழுவில் இருந்தனர். பலர் கையிலும் போகும் பண்டத்தைச் செய்வதை அவர்கள் இழிவாகக் கருதவில்லை. அங்கும், கும்பகோணம் கவின்கலைக் கல்லூரியின் வழியும் வந்த சிற்பிகள் இன்றும் வேலை செய்கின்றனர். வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டுதோறும் மலர் வெளியிடுகின்றன. அட்டைக்கும் விளம்பரப் பக்கத்துக்கும் செலவிடுகின்றன. அதனோடு ஆண்டுக்கு ஒரு சிற்பியிடம் ஒரு தாள் கேட்டு வாங்குவது கடினமன்று. நான்கு நிறம், நல்ல கெட்டிக் காகிதம், மஞ்சள் பை அச்சிடுவோருள் கைதேர்ந்த ஒருவர், அருகில் இருந்து நிறம் பார்க்க அந்தச் சிற்பி. ஆண்டுவிழாச் சாப்பாட்டுச் சீட்டின் விலையே தாளின் விலை. அதில் ஒரு பங்கு சிற்பிக்கு, தாள் தாளாகக் கணக்கிட்டு. தீர்ந்தால் திரையை மீண்டும் எடுத்து இன்னும் நூறு. கையொப்பம் வேண்டுவோருக்கு விழா மேடையருகே அமர்ந்து அவர் போட்டுத் தரட்டும். இடப்புற விளிம்பை மட்டும் வெறுமையாக விட்டுவிடுங்கள்.